கப்பல் பெட்டியில் காய்த்த புடலை

பவுனம்மாள் தன் புருஷனுக்கு மருந்து வைத்துக் கப்பலேற விடாமல் செய்தவள் என்று செந்தூல் பக்கம் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் அவளுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவள் நான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அவள் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்மல் கேட்கும். நடந்ததைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூட வேண்டாம், மெல்லுவதற்கு உண்மையைப் போடுவோம் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் இருந்த ஆண்கள் எல்லோரும் தண்டவாள வேலைக்காரர்கள். கட்டை மாற்றுவது, கருங்கல் ஜல்லி அள்ளிப் போட்டு இறுக்குவது, அதுதான் வேலை. அத்தனை பேர் வீட்டிலும் பலகைக் கட்டிலுக்கு அடியில் ஒரு கப்பல் பெட்டி இருக்கும். சீன ஆசாரி செய்த மரப்பெட்டி, மேலே பச்சை வர்ணம், மூலைகளில் தகரம் அடித்திருக்கும். ஊருக்குத் திரும்பிப் போகும்போது கொண்டுபோவதற்கான பெட்டி அது. வீட்டுக்கு நல்லதாக எது வந்தாலும் நேரே அதற்குள் போய்விடும். பித்தளைக் குடம் பெட்டிக்குள், தகரக் குவளை அடுப்படியில். பட்டுச்சேலை பெட்டிக்குள், சாயம்போன சீட்டிச்சேலை உடம்பில். கம்பளி பெட்டிக்குள், மழைக்குளிரில் போர்த்திக்கொள்ளச் சாக்கு. கேட்டால் எல்லாம் ஊருக்கு என்பார்கள். அந்த ஊர் எப்போது வரும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

தோட்டமும் அப்படித்தான். விதைத்த கொஞ்ச நாளில் பிடுங்கித் தின்கிற கீரையைத் தவிர வேறு எதையும் யாரும் நடமாட்டார்கள். பந்தல் போட்டுக் கொடி ஏற்றுவதெல்லாம் வீண் வேலை, அது காய்க்கும்போது யார் இருந்து தின்னப்போகிறோம் என்று கேட்பார்கள். கேட்டவர்கள் எல்லோரும் பல வருஷம் அங்கேயே இருந்து, காசு கொடுத்துப் பாசார் சந்தையில் காய் வாங்கித் தின்றார்கள். இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போன கூட்டம் நாங்கள். பவுனம்மாளுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை.

அவளுடைய புருஷன் பக்கிரிசாமி நல்ல மனிதர். குடி இல்லை, கை நீட்டுவது இல்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தப் பெட்டி. அவருடைய சின்ன வயதில் தாய்மாமன் மலாயாவிலிருந்து திரும்பினாராம். பெட்டியை இரண்டு பேர் தலைமேல் தூக்கிவர, தெருவே பின்னால் போயிருக்கிறது. மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாராம். அதைப் பார்த்த அன்றைக்கே தானும் ஒருநாள் அப்படி நடப்பது என்று முடிவு செய்திருக்கிறார். ஊரைவிட்டு வரும்போதே ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி வாங்குவதற்கு முன்பே பூட்டு வாங்கியவர் அவர். அதன் சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். பெட்டி நிறைந்ததும், இனி ஊருக்குப் போகும்போதுதான் திறப்பது என்று வைத்திருந்தார். சம்பளம் வாங்கிய அன்று குனிந்து பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். அது அசையாமல் இருந்தால் அன்றைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு.

பவுனம்மாள் வேறு மாதிரி. காலையில் காப்பி போட்டால் முதல் குவளை அவளுக்குத்தான், இரண்டாவதுதான் புருஷனுக்கு. அதைக் குடிக்கப் பின்வாசல் படியில் உட்கார்ந்து, காலை ஈர மண்ணில் வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். ஒருமுறை என் வீட்டில் பால் பொங்கி வழிகிறது என்று கத்தினேன். "வழிஞ்சது வழிஞ்சிடுச்சு, நான் காப்பி குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளைகுட்டி இல்லாதவளுக்கு இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று வரிசைப் பெண்கள் பேசிக்கொண்டோம். அவள் காதுபடப் பேசினால் வாசலிலேயே பதில் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினோம்.

முதலில் அவள் புடலையை வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகத் தரையில்தான் நட்டாள். குச்சி ஊன்றி, பழைய கம்பி கட்டி, கொடி அரையாள் உயரத்துக்கு ஏறியிருந்தது. வரிசையை மேற்பார்க்க வரும் மண்டோர் ஒருநாள் வந்து, இங்கே மண்ணில் எதையும் நடக்கூடாது என்று வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டான். அவள் அழவில்லை. மண்ணெண்ணெய்த் தகரங்களில் மண்ணை நிரப்பி மறுபடியும் விதை ஊன்றினாள். மண்டோர் மறுபடியும் வந்தான். தகரத்தில் தண்ணீர் தேங்கும், கொசு முட்டையிடும் என்று ஒவ்வொன்றாக எட்டி உதைத்தான். கொசுவைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்தில் காய்ச்சல் கொண்டுபோன ஆட்கள் ஏராளம். ஆனால் அவன் உதைத்ததில் கொசுவின்மேல் இருந்த கோபத்தைவிட அவள்மேல் இருந்த கோபம்தான் அதிகம். சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டே, இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த மழைக்காலத்தில்தான் சின்னையா அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வரிசைக் கோடியில் இருந்தவர். வரிசையிலேயே பெரிய பெட்டி அவருடையதுதான். ஊருக்கு, ஊருக்கு என்று அதில் சேர்த்துச் சேர்த்து வைத்தவர். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவருடைய மனைவி வீரம்மா அக்கா பெட்டியை வெளியே எடுக்கச் சொன்னார். பக்கிரிசாமிதான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். தூக்கியதும் அடிப்பலகை கழன்று, உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. கரையான். பட்டுச்சேலை, வேட்டி, ஊரில் இருக்கும் பேத்திக்கு என்று வைத்திருந்த பாவாடை, எல்லாம் மண்ணோடு மண்ணாக உதிர்ந்தன. ஒரு குடையின் கம்பிகள் மட்டும் துருவேறிக் கிடந்தன. வீரம்மா அக்கா அதன்முன் உட்கார்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து தான் ஒரு பட்டுச்சேலைகூடக் கட்டியதில்லை என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பக்கிரிசாமி வேலைக்குப் போனதும் பவுனம்மாள் பலகைச் சுவரைத் தட்டினாள். போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து நடுவீட்டில் வைத்திருந்தாள். கையில் ஒரு பாராங் கத்தியும் சுத்தியலும். சாவி புருஷன் இடுப்பில் இருக்கிறதே என்றேன். சாவி யாருக்கு வேண்டும் என்றாள். பின்னால் கீலின் ஆணிகளை நெம்பிப் பிடுங்கினோம். முன்னால் பெட்டியில் அடித்திருந்த, நாதாங்கி மாட்டும் வளையத்தையும் பிடுங்கினோம். பூட்டு, நாதாங்கி, வளையம் எல்லாவற்றோடும் மூடி தனியாக வந்துவிட்டது. ஆம், பிடுங்கினோம் என்றுதான் சொல்கிறேன். ஆணிகளில் பாதி நான் பிடுங்கியவை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

உள்ளே பித்தளைக் குடம், ஒரு அரக்குப் பட்டுச்சேலை, கம்பளி, கண்ணாடி, வெற்றிலைத் தட்டு. கரையான் இன்னும் வரவில்லை. அவள் சேலையை அங்கேயே எடுத்துக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அடிப்பலகையில் துளைகள் போட்டாள். பெட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய் நான்கு செங்கல்லின்மேல் தூக்கி வைத்தோம். ஆற்றங்கரையிலிருந்து வண்டல் மண் கொண்டுவந்து கொட்டினாள். பால்காரி தங்கமணி அக்கா சாணம் கொடுத்தார். செந்தூலில் மாட்டுக்கொட்டகை வைத்து எங்கள் வரிசைக்குப் பால் ஊற்றியவர் அவர். பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, சாணமும் மண்ணும் பிசைந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வீட்டுக்குள் கட்டிலின் அடியில் இரண்டு சோப்புப் பெட்டிகளைச் சேர்த்து வைத்து, அதன்மேல் மூடியை வைத்தாள். கட்டிலடி இருட்டில் முன்னால் பூட்டு பழையபடி தொங்கியது. மேலே படுக்கைச் சுருட்டு. சம்பளத்தன்று பக்கிரிசாமி குனிந்து பூட்டை இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

அவருக்குத் தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "நான் ஒண்ணும் மறைக்கலே. கேட்டா சொல்லுவேன்" என்றாள். அவர் கேட்கவில்லை. பின்னால் சேறும் சாக்குமாக ஒரு பெட்டி நிற்பதைப் பார்த்தார். அதில் காய்த்த புடலையைத் தின்றார். பருப்புப் போட்ட கூட்டு நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டியும் கேட்டார். அது தன்னுடைய பெட்டி என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

மண்டோர் மூன்றாம் முறையும் வந்தான். இம்முறை அவள் படியில் உட்கார்ந்தபடியே பேசினாள். "மண்ணுல நடக்கூடாதுன்னீங்க, நடலே. தகரத்துல தண்ணி நிக்கும்னீங்க, இதுல ஓட்டை போட்டிருக்கேன், குனிஞ்சு பாருங்க. இது எங்க வீட்டுப் பெட்டி. வீட்டுச் சாமானை வெளிய வைக்கக்கூடாதுன்னு சட்டம் இருந்தா சொல்லுங்க." அவன் குனிந்தும் பார்த்தான், நிமிர்ந்தும் பார்த்தான். வந்த வழியே போய்விட்டான். அவன் போய்ப் பக்கிரிசாமியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெண்பிள்ளையிடம் தோற்ற கதையை எந்த ஆண்பிள்ளை தானே போய்ச் சொல்லுவான்?

அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. பகலில் அவள் பித்தளைக் குடத்தில்தான் தண்ணீர் பிடிப்பாள். குழாயடியில் எங்கள் தகரங்களுக்கு நடுவில் அது பளபளவென்று நிற்கும். எஞ்சின் கரி எல்லா இலையிலும் படியும். தினமும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள், பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி. துடைக்கும்போது வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருப்பாள். ராகமும் இருக்காது, தாளமும் இருக்காது. மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவோம். அவள் வெளியே வந்து நிற்பாள்.

அந்திதான் அவளுக்கு விசேஷம். புடலம்பூ சாயங்காலம் விரிகிற பூ. வெள்ளையாக, ஓரமெல்லாம் நூல் பிரித்துவிட்ட மாதிரி இருக்கும். அது விரிவதைப் பார்க்க அவள் பின்வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் வந்த லட்சுமி அந்த வழியாக வெளியே போய்விடுவாள் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. வரிசைப் பெண்கள் சும்மா விடுவோமா? நானே போய்க் கேட்டேன். லட்சுமி போய்விடுவாளே, பவுனு, என்றேன்.

"போனா தோட்டத்துலதானே நிப்பா? நான் இங்கதான் உக்காந்திருக்கேன், பாத்துக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து நானும் போய் உட்கார ஆரம்பித்தேன். வீரம்மா அக்காவும் வந்தார். சோறு கொஞ்சம் தாமதமாக வெந்தது. அதனால் எந்த வீடும் இடிந்து விழவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள், அப்புறம் ரயில்வேயிலும் நிறுத்தினார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் பயணம் இலவசம் என்றார்கள். நிறுத்தப்பட்டவர்கள் மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பக்கிரிசாமிக்கும் வேலை போயிற்று. அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், நேராகப் போய்த் தன் பெயரையும் மனைவி பெயரையும் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவள் அப்போது அடுப்படியில் புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் அரிசி புடைக்க முறம் கேட்டுப் போயிருந்தேன். அவர் உள்ளே வந்து, வேலை போன துக்கமும் ஊருக்குப் போகிற பெருமையும் கலந்த குரலில் செய்தியைச் சொன்னார். ரயிலில் கிள்ளான் வழியாகத் துறைமுகம், அங்கிருந்து கப்பல், நாகப்பட்டினத்தில் இறங்கினால் ஊர். அவள் அரிவதை நிறுத்தவில்லை. அவர் கட்டிலுக்கு முன் குந்தி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூட்டுக்குள் விட்டுத் திருகினார். பூட்டு நல்ல பிள்ளையாகத் திறந்தது. அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினார். மூடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கீழே சோப்புப் பெட்டிக்குள் வெங்காயமும் விறகுச் சிராயும் இருந்தன.

அவர் மூடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. முறத்தால் வாயை மூடிக்கொண்டேன்.

"பெட்டி எங்க?" என்றார் பக்கிரிசாமி.

"பின்னால நிக்குது. காய்ச்சிருக்கு" என்றாள் பவுனம்மாள்.

அவர் எழுந்து பின்பக்கம் போனார். பெட்டியைச் சுற்றியிருந்த சாக்கை விலக்கினார். மண்ணைச் சுரண்டினார். பச்சை வர்ணம் தெரிந்தது. அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் சாத்தியிருந்த சங்குலை எடுத்தார். அது மண்வெட்டிதான், மலாய்க்காரர்கள் சொல்லும் பேர் எங்களுக்கும் வந்துவிட்டது. அதைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து நெம்பிக் கவிழ்க்கப் போனார். பவுனம்மாள் வந்து பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். கவிழ்ப்பதானால் தன்னையும் சேர்த்துக் கவிழ்க்கச் சொன்னாள். சத்தம் கேட்டு வரிசை முழுக்கப் பின்பக்கம் கூடிவிட்டது.

"வெறுங்கையோட போய் ஊர்த்தெருவுல எப்படி நடப்பேன்?" என்றார் அவர். "இத்தனை வருஷம் அங்க என்னடா பண்ணேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"புடலங்காய் தின்னேன்னு சொல்லுங்க" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க ஊருக்குப் போய் வாழலாம்னு இருக்கீங்க. நான் இங்கதான் வாழ்ந்துகிட்டு இருக்கேன். காலையில காப்பி குடிக்கிறது, இந்த இலையைத் துடைக்கிறது, பூ விரியறதைப் பாக்குறது, இதெல்லாம் எனக்கு ஒத்திகை இல்லே. நான் கப்பல் ஏற மாட்டேன். நீங்க போகணும்னா போங்க, நான் தடுக்கலே. தங்கமணி அக்கா கொட்டகைக்குப் பின்னால ஒரு குடிசை சும்மா கெடக்கு. மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டா இருந்துக்கச் சொல்லிட்டாங்க. நான் போறேன், இந்தப் பெட்டியும் வருது."

ஒரு பெண் தன் புருஷனைப் பார்த்து, நீ போ, நான் இருக்கிறேன் என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதை தெரியும், இவள் புடலையை நம்பியல்லவா கைவிடுகிறாள் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பக்கிரிசாமி சங்குலின் காம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அப்போது வீரம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மெதுவாகத்தான் பேசினார். "தம்பி, எங்க வீட்டுக்காரரு பெட்டியைத் தூக்கினது நீதானே? அடிப்பலகை உன் கையிலதானே விட்டுச்சு?"

பக்கிரிசாமி சங்குலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் வாய் திறக்கவே இல்லை. அவள் வைத்ததைச் சாப்பிட்டார், ஆனால் கூட்டைத் தொடவில்லை. போகிறாரா, இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. பவுனம்மாளிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்தச் சில நாட்கள்தான். அப்படிப் பயந்தபோதும் நானும் கப்பலுக்கு வருகிறேன் என்று ஒருமுறைகூட அவள் வாயில் வரவில்லை. அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது.

காலி செய்கிற நாள் வந்தது. கப்பலுக்குப் போகிறவர்களின் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போக முன்பக்கம் ஒரு மாட்டுவண்டி நின்றது. பச்சைப் பெட்டிகளாக அதில் அடுக்கினார்கள். பின்பக்கச் சந்தில் தங்கமணி அக்காவின் வண்டி நின்றது. நாங்கள் பெண்கள் சேர்ந்து புடலைப் பெட்டியைத் தூக்கினோம். மண்ணோடு என்ன கனம்! கொடியைப் பந்தலிலிருந்து அவிழ்த்துச் சுருட்டி மேலே வைத்தோம். அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பவுனம்மாள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோர் கண்முன்னாலும் பட்டப்பகலில் அவள் அந்தச் சேலையைக் கட்டியது அன்றைக்குத்தான்.

பக்கிரிசாமி ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்தார். அக்குளில் பெட்டி மூடி. முன்பக்க வண்டியிலிருந்து ஆட்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பவுனம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியை ஓட்டச் சொன்னாள்.

மாடுகள் நகர்ந்தன. நகர்ந்த ஆட்டத்தில் சுருட்டி வைத்திருந்த கொடி சரிந்து, நுனி தரையில் இழுபட ஆரம்பித்தது. அதில் ஒரு பிஞ்சு இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் பக்கிரிசாமி மூட்டையையும் மூடியையும் வண்டிக்குள் போட்டார். கொடியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வண்டியின் பின்னால் நடந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் தெருவில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் ஒரு கப்பல் பெட்டி, பின்னால் அதன் கொடியைப் பிடித்துக்கொண்டு போகிற மனிதர். வரிசைப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு கூடவே போனார்கள். தெருவே பின்னால் வர வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டார், வந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்தினாரா என்று கேட்காதீர்கள். கொடி அறுந்துவிடக்கூடாது என்று குனிந்துதான் நடந்தார்.

கொஞ்ச காலம் கழித்து, வேலை போகாமல் தப்பிய எங்கள் வீட்டுக்காரருக்கு ஓய்வு கிடைத்த ஒருநாள் செந்தூலுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சின்னக் குடிசை. பெட்டி மட்டுமில்லை, தரையிலும் வெண்டையும் கத்தரியும் நட்டிருந்தாள். பிடுங்குவதற்கு அங்கே எந்த மண்டோரும் இல்லை. பக்கிரிசாமி காலையில் புல் அறுத்துவிட்டு, பகலில் கிடைத்த கூலி வேலைக்குப் போகிறார் என்றாள். வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. கூரை ஒரு மூலையில் ஒழுகியது. கம்பளியை எடுத்துத் தினமும் போர்த்திக்கொண்டார்கள்.

நான் போனபோது விளக்கு வைக்கிற நேரம். பின்கதவு விரியத் திறந்திருந்தது. பச்சை மூடியை இரண்டு செங்கல்மேல் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் அதன்மேல் உட்கார்ந்து பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து இடம் கொடுத்தார். பந்தலுக்குக் கீழே நீளமாக ஒரு புடலங்காய் தொங்கியது. புடலை சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்குவதற்கு நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவது எல்லோரும் செய்வதுதான். இதில் கல்லைக் காணோம். அந்தத் திண்டுக்கல் பூட்டு தொங்கியது, அரைஞாண் கயிற்றுத் துண்டில் கட்டிய சாவியோடு.

என்ன அண்ணே இது என்று கேட்டேன்.

"கல்லு கெடைக்கலே" என்றார்.

காலமெல்லாம் தண்டவாளத்தில் கருங்கல் அள்ளிக் கொட்டியவர். கொட்டகைக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை, அதன் இரண்டு ஓரத்திலும் ஜல்லி மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. நான் பவுனம்மாளைப் பார்த்தேன். அவள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா, கல்லு கெடைக்கலையாம்" என்றாள். எழுந்துபோய் முற்றாத காயாக ஒன்றைப் பார்த்து அறுத்து, நாளைக்குக் கூட்டு வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்தாள்.